பதிவேட்டை மூடிவிட்டு ஏஐ-யைத் திறங்கள்: கடலூர், புதுச்சேரி தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இயங்கும் பல தொண்டு நிறுவனங்கள் சின்ன அலுவலகங்கள்தான். ஐந்தாறு பேர், ஒரு கணினி, ஒரு பிரிண்டர், அலமாரி நிறையப் பதிவேடுகள். மாதக் கடைசியில் அறிக்கை போயாக வேண்டும். களப்பணியாளர் தமிழில் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை யாராவது உட்கார்ந்து ஆங்கிலமாக்க வேண்டும். ஏஐ உள்ளே நுழைந்தது இந்த இடத்தில்தான். நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு அதைக் கொண்டுவரவில்லை. ஒருவர் தன் சொந்த செல்போனில் சாட்ஜிபிடியைத் திறந்து, பயனாளிகளின் பெயர்ப் பட்டியலோடு சேர்த்து ஒட்டி, ‘இதை நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடு’ என்று கேட்டிருப்பார். அறிக்கை நன்றாக வந்திருக்கும். அந்தப் பட்டியல் எங்கே போனது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஓசைப்படாமல் தொடங்கிவிட்டவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். ஏஐ-யிடம் எதைக் கேட்பது என்பது இதில் பிற்பகுதியில்தான் வரும். அதற்குக் கொடுக்கக் கூடாதது எது என்பதுதான் முதல் வேலை. பதிவேட்டில் இருக்கும் தகவல் நிறுவனத்தின் சொத்து அல்ல. கடன் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் நம்மிடம் சொல்லி வைத்தது அது.

யார் எதைப் பயன்படுத்துகிறார்கள்?

ஒரு மணி நேரக் கூட்டம் போதும். எல்லாரையும் உட்கார வைத்து நான்கு கேள்வி கேளுங்கள்: எந்தச் செயலி, யாருடைய கணக்கில், எந்த வேலைக்கு, உள்ளே என்ன ஒட்டினீர்கள். பதில்களை ஒரு தாளில் நான்கு பத்தியாக எழுதுங்கள். கண்டிக்கும் குரலில் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ‘இதுவரை நடந்ததற்கு யாரையும் குறை சொல்லப்போவதில்லை’ என்று இயக்குநரே தொடக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஏஐ என்று பெயர் போடாமல் வரும் ஏஐ-யையும் பட்டியலில் சேருங்கள். வாட்ஸ்அப்பில் இருக்கும் மெட்டா ஏஐ, ஜிமெயில் தானாக எழுதித் தரும் வரி, கூட்டம் முடிந்ததும் சுருக்கம் அனுப்பும் வீடியோ செயலி, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஸ்கேனர் எல்லாம் இதில் அடங்கும். தடை போட்டால் தீர்ந்துவிடும் என்று சில நிர்வாகிகள் நினைப்பதுண்டு. தடை போட்ட மறுநாளிலிருந்து அது மேசைக்கு அடியில் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் தப்பாகச் சொல்கிறது?

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் போன்றவை கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை. விவரம் தெரியாத இடத்திலும் வாக்கியம் நிற்காது. பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். தயக்கமும் காட்டாது. நம் ஊர்ப் பக்கம் இதனால் வரும் சிக்கல் தனி ரகம். தமிழ்நாட்டைப் பற்றி எழுதப்பட்டது நிறைய, புதுச்சேரியைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அதனால் புதுச்சேரிக் கேள்விக்கும் தமிழ்நாட்டுப் பதில் வந்து விழும்.

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கும் கடலூருக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆனால் கடலூரில் ஒரு சங்கத்தைப் பதிவது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி; புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டம். பாகூர்க் குடும்ப அட்டைக்கு அது கிடையாது. ‘எங்கள் பகுதிப் பெண்களுக்கு என்னென்ன உதவித்தொகை உண்டு’ என்று ஊர் பெயர் மட்டும் சொல்லிக் கேட்டால், இரண்டு அரசின் திட்டங்களும் ஒரே பட்டியலில் கலந்து வரலாம்.

மீன்பிடித் தடைக்காலம் இன்னும் நல்ல உதாரணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் ஏனாமுக்கும் முதல் கணக்கு. மாஹேவும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டதுதான்; ஆனால் அது கேரளக் கரையில் இருப்பதால் அங்கே இரண்டாவது கணக்கு. இந்த மடிப்பெல்லாம் ஏஐ-க்குத் தானாகப் பிடிபடும் என்று நம்பி நிவாரணக் கணக்கெடுப்புக்குத் தேதி குறிக்காதீர்கள். எந்த அரசு, எந்த மாவட்டம் அல்லது பிராந்தியம், எந்த ஆண்டு என்ற மூன்றையும் கேள்வியிலேயே எழுதுங்கள். அப்படியும் வரும் பதில், எங்கே தேடுவது என்பதற்கு ஒரு துப்புதான். ஆதாரம் அரசாணையும் துறை அலுவலகமும்.

மூன்று கட்டாகப் பிரியுங்கள்

நிறுவனத்தில் இருக்கும் எல்லாத் தாளையும் கோப்பையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டாக்க வேண்டும். ஒரு நாள் வேலை. பின்னால் வரும் எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

பச்சை, ஊருக்கே தெரிந்தது: அச்சான ஆண்டறிக்கை, அரசாணை, பயிற்சிப் பாடம், வேலை விளம்பரம், விழா அழைப்பிதழ், பெயர் இல்லாத மொத்த எண்ணிக்கை. எந்த ஏஐ-யிலும் போடலாம்.

மஞ்சள், நமக்குள் இருக்க வேண்டியது: திட்ட முன்மொழிவின் வரைவு, பட்ஜெட், கூட்டக் குறிப்பு, நன்கொடையாளருக்கு எழுதும் கடிதம். நிறுவனக் கணக்கில் மட்டும், ஆள் பெயர்களை எடுத்துவிட்டுப் போடலாம்.

சிவப்பு, எதிலும் போகக் கூடாதது: ஆதார் எண், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, நன்கொடையாளரின் பான் எண், நோய் விவரம், சாதிச் சான்றிதழ், குடும்ப வன்முறைப் புகார், குழந்தைகள் தொடர்பான எந்த வழக்குக் குறிப்பும், ஆலோசனையின்போது எடுத்த குரல் பதிவு, முகம் தெரியும் படம்.

சிவப்புக் கட்டில் சிலவற்றுக்குப் பின்னால் சட்டமே நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கின்றன. எச்ஐவி தொற்று உள்ளவரின் விவரத்துக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் காவல். இவற்றோடு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. தொண்டு நிறுவனம் என்பதால் மட்டும் விலக்குக் கிடையாது. தகவலைக் காக்கத் தவறினால் அபராதத்தின் மேல் வரம்பு 250 கோடி ரூபாய். சின்ன நிறுவனத்துக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு கேள்வி. வழக்கு அலைச்சலிலேயே ஓய்ந்துவிடுவோம்.

இந்தச் சட்டத்தில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. காகிதப் பதிவேடு காகிதமாக இருக்கும்வரை இந்தச் சட்டத்துக்குள் வராது. டிஜிட்டலாக மாறிய நொடியில் வந்துவிடும். குழுக்கூட்டப் பதிவேட்டைச் செல்போனில் படம் எடுத்து ‘இதை டைப் செய்து கொடு’ என்று ஏஐ-யில் போடுகிறீர்கள் அல்லவா, அந்த நொடிதான்.

பெயரை எடுப்பது எப்படி

எக்செல் பட்டியலை ஏஐ-யிடம் காட்டியே ஆக வேண்டும் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். புதிய கோப்பு ஒன்று திறந்து, தேவையான பத்திகளை மட்டும், சூத்திரம் இல்லாமல் வெறும் மதிப்பாக (பேஸ்ட் வேல்யூஸ்) ஒட்டுங்கள். பழைய கோப்பிலேயே பெயர்ப் பத்தியை மறைத்து வைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. திரையில்தான் அது மறைந்திருக்கும். கோப்பை ஏற்றும்போது கூடவே போகும். அடுத்த ஷீட்டில் இருப்பதும், செல்லில் எழுதிய கமென்டும் அப்படியே. கோப்பின் பெயரையும் பாருங்கள். பெயர் இல்லாத பட்டியலைப் பயனாளியின் பெயரிட்ட கோப்பில் வைத்து அனுப்புவது உண்டு.

பெயருக்குப் பதிலாகக் க-001, க-002 என்று குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு யார் என்ற சாவிப் பட்டியல் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு, ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். பிறந்த தேதியை வயது வரம்பாக மாற்றுங்கள்: 18–25, 26–40 என்று. கிராமத்தை ஒன்றியமாக்குங்கள், புதுச்சேரி என்றால் கொம்யூனாக்குங்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பதிலாக மாதத்தை மட்டும் போடுங்கள். கடைசியாக எண்ணிப் பாருங்கள்: ஒரே வயது வரம்பு, ஒரே ஒன்றியம், ஒரே பிரிவு என்று சேர்ந்து வருபவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? கிள்ளைப் பக்கம் முப்பது வீடுள்ள ஓர் இருளர் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘அந்தக் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகப் பிளஸ் டூ முடித்த 17 வயதுப் பெண், அப்பா இல்லை’ என்று எழுதினால் பெயர் தேவையே இல்லை. அந்தப் பக்கத்து டீக்கடையில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பெயரை அழித்த பிறகும் ஆள் தெரிகிறாரா என்று பார்க்க, அந்த ஊர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால் கண்டுபிடிப்பாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பார் என்றால் அது இன்னும் சிவப்புதான்.

படங்களுக்கும் இதே கதி. முகத்தை மங்கலாக்கிவிட்டு, பள்ளிச் சீருடையின் பேட்ஜை விட்டுவிடுவார்கள். செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும்.

கணக்கைச் சரி செய்வது

சொந்த ஜிமெயிலில் திறந்த கணக்கு நிறுவன வேலைக்கு வேண்டாம். வேலையை விட்டுப் போகும்போது உரையாடல் எல்லாம் அவரோடு போய்விடும். நிறுவன மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். பதிவு பெற்ற லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்குக் கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே இலவசமாகவோ சலுகையிலோ அலுவலகச் சேவை தருகின்றன. பதிவுச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். ஏஐ-க்குக் காசு கட்டுவதற்கு முன் அதை வாங்கிவிடுவது நல்லது. நிறுவனக் கணக்கு வழியாகப் போகும் தகவலுக்கான நிபந்தனை, தனிநபர் இலவசக் கணக்கின் நிபந்தனையை விட வழக்கமாக இறுக்கமானது.

பிறகு அமைப்புகளுக்குப் போங்கள். சாட்ஜிபிடியில் தரவுக் கட்டுப்பாடுகள் என்ற பகுதியில், உங்கள் உரையாடலை மாடலை மேம்படுத்தப் பயன்படுத்தலாமா என்ற சுவிட்ச் இருக்கும், அணைத்துவிடுங்கள். ஜெமினியிலும் செயல்பாட்டைச் சேமிக்கும் சுவிட்ச் உண்டு. மெனுவின் பெயர்கள் அடிக்கடி மாறுவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சுவிட்சை அணைத்தாலும் நீங்கள் அனுப்பியது அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகத்தான் செய்கிறது, கொஞ்ச காலம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. சுவிட்ச் அணைத்துவிட்டோம் என்பதற்காகச் சிவப்பு மஞ்சளாகிவிடாது.

சந்தா கட்டுவதானால் முதலில் ஒருவருக்கு மட்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனமாக இருந்தால், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்று ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் வரும் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முதல் மாதத்தில் இரண்டே வேலை

ஒன்று, தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கில அறிக்கை. இரண்டு, நீண்ட அரசு ஆவணத்தின் சுருக்கம். இரண்டிலும் மூலம் உங்கள் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மூலம் கையில் இல்லாத வேலையை ஏஐ-யிடம் கொடுத்துப் பழகத் தொடங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் கற்பது போல.

கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கீழே உள்ளது கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் நடந்த தையல் பயிற்சியின் குறிப்பு. நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் 300 சொல்லில் அறிக்கை எழுது. குறிப்பில் உள்ள எண்களை மட்டும் பயன்படுத்து. புதிய எண்ணோ சதவீதமோ சேர்க்காதே. குறிப்பில் இல்லாத பலனை எழுதாதே. விவரம் போதாத இடத்தில் ‘விவரம் தேவை’ என்று அடைப்பில் குறி. முடிவில், நீ ஊகித்து எழுதிய இடங்களைத் தனியாகப் பட்டியலிடு.’

கடைசி மூன்று வரியும்தான் உயிர். அவை இல்லாமல் கொடுத்தால் என்ன வரும் தெரியுமா? குறிப்பில் 48 பேர் பதிவு, 41 பேர் வந்தார்கள், 29 பேர் முடித்தார்கள் என்று மட்டும் இருக்கும். அறிக்கையில், பங்கேற்ற பெண்களின் தன்னம்பிக்கை கணிசமாக உயர்ந்தது, குடும்ப வருமானம் பெருகியது என்று வந்திருக்கும். அப்படி யாரும் அளக்கவில்லை. நன்கொடையாளர் அறிக்கைகளில் அந்த வரி அடிக்கடி வருவதால் அது இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 48 பேரில் 19 பேர் ஏன் முடிக்கவில்லை என்ற, நன்கொடையாளருக்கு உண்மையில் பயன்படும் விஷயம் காணாமல் போயிருக்கும். ஏஐ-க்கு நல்ல செய்தி சொல்வதில் ஆசை அதிகம்.

கூட்டல் கழித்தல் எக்செலில் செய்யுங்கள். ஏஐ-யிடம் சூத்திரம் கேட்கலாம், விடை கேட்க வேண்டாம்.

சரிபார்ப்பது

அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு எண், தேதி, ஆள் பெயர், ஊர் பெயர், சட்டம், திட்டம் ஆகியவற்றுக்கு அடியில் கோடு போடுங்கள். கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் பக்க ஓரத்தில் மூலத்தை எழுதுங்கள்: பதிவேடு பக்கம் 14, ரசீது 202 என்று. மூலம் கிடைக்காத வரி வெட்டப்படும், எவ்வளவு அழகாக இருந்தாலும். இரண்டு பக்க அறிக்கைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சரிபார்க்கும் நேரம், கையால் எழுதும் நேரத்தைத் தாண்டுகிறது என்றால் அந்த வேலைக்கு ஏஐ தோதில்லை, விட்டுவிடுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. லட்சத்தை மில்லியனாக்கும்போது ஒரு புள்ளி நகர்ந்துவிடும்: 12.5 லட்சம் என்பது 1.25 மில்லியன், 12.5 மில்லியன் அல்ல. 03/04 என்ற தேதி ஏப்ரல் 3 ஆகவும் வரலாம், மார்ச் 4 ஆகவும் வரலாம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதை மறந்து, ஜனவரியிலிருந்து கணக்குச் சொல்லும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) கேட்டு முன்மொழிவு எழுதும்போது சட்டப்பிரிவு எண்களைக் கொட்டும். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சரி, அதற்குப் பின் வரும் விதி எண் ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள்.

தமிழ் வேறு தலைவலி. ஏஐ எழுதும் தமிழ் இலக்கணப்படி நிற்கும், ஆனால் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘இன்டர்வென்ஷன்’ என்பதைத் ‘தலையீடு’ என்று போடும். ‘உங்கள் குடும்பத்தில் எங்கள் தலையீடு’ என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்கள்? ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பது ‘பங்குதாரர்’ ஆகிவிடும். கூட்டத்துக்கு வந்த பாட்டி தனக்கு லாபத்தில் பங்கு உண்டா என்று கேட்டால் அவர்மேல் தப்பில்லை. நோட்டீஸ், சம்மதப் படிவம், குரல் செய்தி எதுவாக இருந்தாலும், படிக்கப்போகிறவர்களில் இரண்டு பேருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘புரிஞ்சுதா’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ‘இதுல என்ன சொல்லியிருக்கு, நீங்க சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் ஏஐ-யிலும் அதே எச்சரிக்கை. அலை சத்தத்துக்கும் ஏலச் சத்தத்துக்கும் நடுவில் எடுத்த பதிவில் எதிர்மறை எளிதாகத் தொலைந்துவிடும். ‘பணம் வரல’ என்பதில் கடைசி எழுத்து தேய்ந்தால் பொருளே தலைகீழ். முதலில் ஐந்து நிமிடப் பதிவை, பேசியவரின் அனுமதியோடு, எழுத்தாக்கிப் பாருங்கள்; கேட்டுக்கொண்டே தவறுகளை எண்ணுங்கள். பொருள் மாறும் தவறு ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்று வந்தாலே, முழுப் பதிவையும் மனிதக் காதுதான் கேட்க வேண்டும்.

ஒப்படைக்கக் கூடாதவை

யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்ற முடிவு. விண்ணப்பங்களை ஏஐ-யிடம் கொடுத்து ‘மிகவும் தகுதியான பத்துப் பேரைத் தேர்ந்தெடு’ என்று கேட்பதில் ஓர் அநீதி இருக்கிறது: நன்றாக எழுதத் தெரிந்தவர் மேலே வருவார், கைநாட்டு வைத்தவருக்காகப் பக்கத்து வீட்டுப் பையன் எழுதிய விண்ணப்பம் கீழே போகும். விடுபட்டவர் வந்து ஏன் என்று கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் காரணம் இருக்காது.

நெருக்கடியில் இருப்பவரோடு பேசுவது. மிரட்டப்படும் பெண், ஓடி வந்த குழந்தை, தற்கொலை எண்ணம் உள்ளவர் ஆகியோருக்கு அரட்டைச் செயலி பதில் சொல்லக் கூடாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்கள் சுவரில் ஒட்டியிருக்கட்டும். ஏஐ-யிடம் எண் கேட்காதீர்கள்.

இல்லாத ஆளின் படம். அழும் குழந்தை, வெள்ளத்தில் நிற்கும் மூதாட்டி என்று ஏஐ வரைந்த படத்தை நன்கொடை வேண்டுகோளில் போடுவது. வரைபடமும் கோட்டுச் சித்திரமும் போடலாம், ஏஐ வரைந்தது என்று கீழே எழுதி.

புயல் நேரம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர் வரை வந்தது. புயல் போய்விட்டது என்று மூச்சு விட்டவர்களின் வீட்டுக்குள் அதன் பிறகுதான் தண்ணீர். இப்படி மணிக்கு மணி மாறும் நிலையில், பழைய பக்கங்களைப் படித்து வைத்திருக்கும் ஏஐ சொல்லும் எச்சரிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆளைக் கொல்லும். சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கை, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070. இவற்றிலிருந்து வந்ததை எளிய தமிழில் சுருக்கித் தரச் சொல்லலாம். நேரத்தையும் மூலத்தையும் செய்தியின் முதல் வரியிலேயே போடுங்கள்.

சம்மதமும் ஒரு பக்க விதியும்

2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழியிலோ படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ளது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம், அதுவும் சரிபார்க்கக்கூடிய விதத்தில். படிவத்தில் இப்படி ஒரு பத்தி போதும்: ‘உங்கள் பெயர், வயது, தொழில் ஆகியவற்றை இந்தப் பயிற்சிக்காக மட்டும் எழுதிக்கொள்கிறோம். அறிக்கை எழுதக் கணினியில் ஏஐ பயன்படுத்துவோம். அதில் உங்கள் பெயரோ எண்ணோ படமோ போகாது. வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் அழித்துவிடுவோம். சொல்ல வேண்டிய எண்: …’ சம்மதம் தராவிட்டாலும் பயிற்சி உண்டு என்பதையும் வாயால் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து வெறும் மை.

நிறுவனத்துக்கான விதியும் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாற்பது பக்க வெளிநாட்டுக் கொள்கையைத் தரவிறக்கிப் பெயர் மாற்றி வைப்பவர்கள் உண்டு. அதை யாரும் திறப்பதில்லை. மூன்று கட்டும் எவை, எந்தக் கணக்கு மட்டும் பயன்படலாம், வெளியே போகும் எதையும் யார் படித்துக் கையெழுத்திடுவது, கேள்வி வந்தால் யாரிடம் போவது என்று எழுதுங்கள். பொறுப்பாளராக இயக்குநரைப் போடாதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. கணக்கரோ திட்ட ஒருங்கிணைப்பாளரோ சரி. நன்கொடையாளர் ஏஐ பற்றித் தனி நிபந்தனை வைத்திருக்கிறாரா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், ‘மொழிநடைக்கு ஏஐ உதவி பெறப்பட்டது, தரவுகளை எங்கள் ஊழியர்கள் சரிபார்த்தனர்’ என்று அறிக்கையின் கடைசியில் ஒரு வரி எழுதுங்கள்.

தப்பு நடந்துவிட்டால்

என்றாவது ஒருநாள் யாராவது சிவப்புக் கட்டில் இருப்பதை ஒட்டத்தான் செய்வார்கள். அப்போது செய்ய வேண்டிய வரிசையை இப்போதே விதித்தாளின் பின்பக்கம் அச்சிடுங்கள்.

முதலில், அழிப்பதற்கு முன் என்ன போனது, எத்தனை பேருடையது, எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திரையைப் படம் பிடித்து வைத்தால் அதே தகவலுக்கு இன்னொரு நகல் உண்டாகிவிடும். அடுத்து அந்த உரையாடலையும் ஏற்றிய கோப்பையும் அழியுங்கள். நினைவகம் என்ற பகுதியில் ஏதாவது சேமித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அன்றே பொறுப்பாளருக்கும் இயக்குநருக்கும் சொல்லுங்கள். தகவலுக்கு உரியவரிடம் நேரில் போய், நடந்ததை அவருக்குப் புரியும் சொல்லில் சொல்லுங்கள். குழந்தை வழக்கு, வன்முறை வழக்கு என்றால் அதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விதிகள் முழுதாக நடைமுறைக்கு வந்தபின், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரம் தர வேண்டியிருக்கும். முதலில் எழுதிய அந்தக் காகிதம் அங்கே உதவும்.

ஒட்டியவரை எல்லார் முன்னாலும் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை நடப்பது உங்கள் காதுக்கு வராது.